நாற்பத்தொரு பேருக்கு நன்றி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பத்துப் பேர் ஓரிடத்தில் சும்மா சந்தோஷமாக நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அவர்களைக் கதிரைகளில் வரிசையாக இருத்தி, ஒருவரைத் தலைவராக்கி, மற்றவர்களைப் பேச்சுக் கேட்க வைத்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். இது ஒரு வியாதி என்று என் மனைவி சொல்கிறாள். பயிற்சி என்று நான் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு நான்கு வருடம் செயலாளராக இருந்தவன் நான். எங்கள் விழாக்கள் மங்கல விளக்கேற்றலில் தொடங்கும். பிறகு மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, இன்னுமொரு வாழ்த்துரை (முதல் வாழ்த்துரைக்காரரின் மைத்துனர் கோபிக்காமல் இருக்க) என்று போகும். எல்லாம் முடிந்து நாடகம் தொடங்கும் வேளையில் கதாநாயகனின் மீசை வியர்வையில் கழன்று அவன் கையில் இருக்கும். ஆனாலும் ஒருவரும் குறை சொன்னதில்லை. ஊரில் பாதிப் பேர் பேசியிருப்பார்கள், மீதிப் பேர் அடுத்த வருடம் பேச இருப்பார்கள். யாரிடம் குறை சொல்வது?

இந்தப் பயிற்சியோடுதான் எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு அகதியாக வந்து சேர்ந்தேன். வந்து பதினொரு மாதமும் நான்கு நாளும் ஆனபோது நான் செய்த காரியத்தைத்தான் எழுதப்போகிறேன். எல்லாம் டைரியில் இருக்கிறது. நேரங்கள் என் கைக்கடிகாரத்தின்படி.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அதில் ஞானம் மட்டக்களப்புக்காரன். டவுன்டவுனில் ஓர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கழுவியே பிரெஞ்சு பேசப் பழகியவன். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். "செயலாளர்" என்பான். அதில் மரியாதை ஒரு துளியும் இருக்காது.

கீழ்த்தளத்தில் குளோரியா இருந்தார். பார்படோஸ் தீவில் பிறந்தவர். இருபது வயதில் ஒரு பணக்கார வீட்டில் வேலை செய்ய மொன்றியலுக்கு வந்து, பிறகு ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து, அப்போது ஐம்பத்தொரு வயதில் ஒரு பகுதிக்கே மேற்பார்வையாளராக இருந்தார். வேலை முடிந்து வந்ததும் கட்டடத்தின் அடியிலிருந்த துணி தோய்க்கும் அறைக்குப் போய் ஸ்டீல்பான் அடித்துப் பழகுவார். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, அடித்தட்டைக் குழித்துச் செய்யும் கரீபியன் வாத்தியம் அது. ரப்பர் சுற்றிய இரண்டு குச்சிகளால் அடித்தால் மணி போலக் கேட்கும். சத்தம் வெந்நீர்க் குழாய் வழியாக ஏறி எங்கள் குசினிக்கு வரும். மார்ச் மாதத்திலிருந்து எங்கள் சோறு அந்த மெட்டில்தான் வெந்தது.

அதே அறையில் யார் எப்போது துணி தோய்ப்பது என்று ஓயாத சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் நான் மூன்று நிற மையில், அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, ஒரு நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடுத்த நாளே குளோரியா எங்கள் கதவைத் தட்டினார்.

"கீழை ஒட்டியிருக்கிறது ஆர்ர கையெழுத்து?"

(அவர் பேசியது பார்படோஸ் ஆங்கிலம். நான் டைரியில் எழுதும்போது எல்லோருமே யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுவார்கள். எனக்கு வேறு தமிழ் வராது.)

"என்ர" என்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"மிஸ்டர் சிவா, உம்மைத்தான் நான் தேடிக்கொண்டு இருந்தனான். வாற மாதம் பார்க்கிலை எங்கடை விழா. கறுப்பினச் சனத்தின்ர ஓவியம், பாட்டு, மேளம், சாப்பாடு எல்லாம் இருக்கும். ரெண்டு வருசம் அலைஞ்சு நகரசபையிட்டை அனுமதி எடுத்தனான். ஒண்டுதான் நிபந்தனை, ஐஞ்சு மணிக்குச் சத்தம் நிண்டிட வேணும். கடைசியிலை எங்கடை ஸ்டீல்பான் குழு. நானும் அடிக்கிறன், முதல் தடவை. நடுவிலை ஒரு பகுதி நான் தனிய. நேரத்தை மட்டும் நீர் பார்த்துக்கொள்ளும்."

ஓர் உறையின் பின்புறத்தில் ஆறு வரி எழுதித் தந்தார். ஓவியங்கள், பிள்ளைகளின் நடனம், ஹெய்ட்டிக்காரரின் மேளம், கவிதை, பாட்டு, ஸ்டீல்பான்.

ஆறு வரி! எனக்கு அந்தப் பெண்ணை நினைக்கப் பாவமாக இருந்தது. ஒரு விளக்கில்லை, ஒரு தலைவர் இல்லை, நன்றி சொல்ல ஆள் இல்லை. இரண்டு வருடம் அலைந்து அனுமதி எடுத்தவருக்கு விழா நடத்தத் தெரியவில்லையே! மூன்று வாரம் உழைத்து அந்த ஆறு வரியை இருபத்துமூன்று நிகழ்ச்சிகள் கொண்ட முறையான நிகழ்ச்சி நிரலாக்கினேன். இருபத்திரண்டாவது என் நன்றியுரை. இருபத்துமூன்றாவது ஸ்டீல்பான். (கச்சேரி முடிந்தால் நன்றியுரைக்கு ஒரு குருவியும் இருக்காது. ஆகவே நன்றியுரையை முன்னால் வைத்துச் சனத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இது எந்தச் செயலாளருக்கும் தெரிந்த தந்திரம்.)

வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். குளோரியா இரண்டு கையும் மாவில் முக்கி மீன் உருண்டைக்குப் பிசைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தார்.

"கோடெல்லாம் என்ன நேர்! வடிவாயிருக்கு மிஸ்டர் சிவா" என்றார்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கே பார்க்கில் நின்றேன். தேவாலயத்திலிருந்து வந்த மடக்குக் கதிரைகளை, கயிறு பிடித்து, மேடைக்கு முன்னால் இருந்த புல்வெளி முழுவதும் அடுக்கினேன். சனம் ஆடுவதற்கென்று விட்ட இடம் அது என்பது பிறகுதான் தெரியும். நடுவில் வழி விட்டேன். இடப்பக்கம் "பெண்கள்", வலப்பக்கம் "ஆண்கள்" என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அம்புக்குறியோடு அட்டை நட்டேன். பன்னிரண்டரைக்கு அந்த அட்டைகளுக்குப் பின்னால் இரண்டு வரிசை நின்றது. என்ன ஒழுங்கான சனம் என்று நான் பூரித்துப்போனேன்.

ஞானம் வரிசையில் ஒருவரோடு கதைத்துவிட்டு வந்தான். "செயலாளர், அதுகள் கக்கூசுக்கு நிக்குதுகள். எப்ப திறப்பாய் எண்டு கேக்குதுகள்."

அடுத்தது ஓவியங்கள். ஓர் இளம் பெண் பன்னிரண்டு படங்களைக் கம்பிவேலியில் மாட்டிவிட்டு எதையோ எடுக்கப் போயிருந்தார். பெரிதும் சிறிதுமாகக் கண்ணுக்கு ஒழுங்கில்லாமல் தொங்கின. அவர் திரும்பி வருவதற்குள் நான் அவற்றை உயரப்படி மாற்றி மாட்டினேன்.

"ஐயோ, ஆர் இதைச் செய்தது?" என்று அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார். "இது என்ர அம்மான்ர கதை! இப்ப பார்த்தா அம்மா பனியிலை வழுக்கி விழுந்து, கிழவியாகி, பேந்து கப்பலேறிப் போய்ப் பிறக்கிறா!"

இப்போது உயரம் சரியாக இருக்கிறது என்று நான் விளக்கினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை வரைந்திருந்தால் அது பதின்மூன்றாவது படமாகியிருக்கும்.

சரியாக ஒரு மணிக்கு ஒலிவாங்கியைப் பிடித்தேன். முதலாவது நிகழ்ச்சி மங்கல விளக்கேற்றல். ஒரு தமிழ்க் குடும்பத்திடம் இரவல் வாங்கிய குத்துவிளக்கு மேடையில் நின்றது. நிரலின்படி ஐந்து நிமிடம். மொன்றியல் காற்றுக்கு அது தெரியவில்லை. முதல் திரியை ஏற்றி இரண்டாவதுக்குப் போனால் முதலாவது அணையும். கதிரைகள் தந்த தேவாலயத்துப் பாதிரியார் தன் அங்கியை விரித்து மறைப்புக் கட்டினார். மேளக்காரர் நால்வர் சுற்றி நின்றார்கள். 1.31க்கு ஐந்து திரியும் ஒன்றாக எரிந்தபோது எழுந்த கைதட்டல்தான் அன்று எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல்.

அடுத்து மௌன அஞ்சலி. என் நாட்டில் கொல்லப்பட்டவர்களுக்கும், உங்கள் மக்களில் அநியாயமாகச் செத்தவர்களுக்கும் இரண்டு நிமிடம் என்று அறிவித்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஸ்டீல்பான் குழுவின் தலைவர் லோய்ட், முப்பது வருடம் ரயில்களில் படுக்கைப் பெட்டி உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்ற மனிதர், தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். மீன் உருண்டை பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது. அன்றைய என் ஏற்பாடுகளில் ஒருவரும் சிரிக்காதது அந்த இரண்டு நிமிடம்தான். அங்கேயே ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்கியிருந்தால் நான் ஓரளவு நல்ல பெயரோடு வீடு போயிருப்பேன்.

ஆனால் பிரதம விருந்தினர் இன்னும் கிடைக்கவில்லை. நிரலில் அந்த இடத்தில் புள்ளிக்கோடுதான் போட்டிருந்தேன். விழாவன்று எப்படியும் ஒருவர் அகப்படுவார் என்பது என் ஊர் அனுபவம். அகப்பட்டார். பூப்போட்ட சட்டைகளுக்கு நடுவே டை கட்டி, கையில் கோப்போடு, கடுமையான முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர் ஒலிபெருக்கிப் பெட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். டை, கோப்பு, கடுமை. வேறென்ன தகுதி வேண்டும்? கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனேன். அவர் பிரெஞ்சில் ஏதோ மறுத்தார். தன்னடக்கம் என்று நினைத்தேன். (முதல் தடவையிலேயே சம்மதிக்கிற பிரதம விருந்தினரை நான் மதிப்பதில்லை.) டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய கார்னேஷன் பூக்களை நூலில் கோத்த மாலையைப் போட்டேன். பொன்னாடைக்குப் பதில், காலையில் எங்கள் வீட்டில் கைக்கு எட்டியதென்று எடுத்துவந்த ஒரு சரிகைச் சால்வையைப் போர்த்தினேன். பிறகு பேசச் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தேன்.

நான்கு நிமிடம் பேசினார். ஞானம் மேடையோரம் வந்து மொழிபெயர்த்தான்.

"மச்சான், தான் இஞ்ச ஏன் இருக்கிறன் எண்டு தனக்கே விளங்கல்லயாம். நகரசபையால ஐஞ்சு மணிக்குச் சத்தத்த நிப்பாட்ட வந்தவராம். பூ நல்லாயிருக்காம்." அப்போதுதான் அவன் கண் தோளுக்குப் போனது. "டேய்! அது என்ட கலியாணச் சால்வையெல்லோடா! மூணு நாடு தாண்டிக் கொண்டுவந்தது!"

"பேந்து வாங்கித் தாறன். இப்ப எடுத்தா மரியாதையில்லை."

"மரியாதையோ? நான் எதைக் கட்டிக்கொண்டு பொம்பிளைக்குப் பக்கத்தில இருக்கிற? உன்ட நிகழ்ச்சி நிரலையோ?"

நகரசபை அதிகாரி என்று தெரிந்ததும் என் மதிப்பில் அவர் இன்னும் உயர்ந்தார். நடுக்கதிரையில் இருத்தினேன்.

அதன் பிறகு பேச்சுகள். ஒவ்வொரு பேச்சாளருக்கும் எப்படித் தொடங்க வேண்டும் என்று துண்டு எழுதிக் கொடுத்திருந்தேன்: மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, மதகுரு அவர்களே, எனக்கு முன் பேசியவர்களே... வரிசை ஆளுக்கு ஆள் நீண்டது. மீன் உருண்டைக் கடைக்காரியை வாழ்த்துரைக்கு அழைத்திருந்தேன். முதலில் வெட்கப்பட்டவர், பிறகு எண்ணெயின் சூடு பற்றிப் பதினான்கு நிமிடம் பேசினார். இடையிடையே பிள்ளைகள் ஆடினார்கள். மேளம் வந்தது. சனம் கதிரையிலிருந்து எழுந்து தோளை ஆட்டத் தொடங்கினால், "தயவுசெய்து இருங்கள், பின்னால் உள்ளவர்களுக்கு மறைக்கிறது" என்று நான் அறிவித்தேன். மூன்று தடவை. மூன்றாவது தடவை மேளக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

குளோரியா நான்கு தடவை மேடையை நோக்கி வந்தார். முதல் தடவை பாதிரியார் பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை குளோரியாவின் ஆஸ்பத்திரி மேலதிகாரி. மூன்றாம் தடவை குளோரியாவின் மாமியார். இடையில் நிறுத்த முடியாதவர்களாகப் பார்த்துத்தான் நான் பேச்சாளர்களைத் தெரிவு செய்திருந்தேன்.

நான்காம் தடவை வந்தபோது 4.46. மஞ்சள் துணியால் தலையைக் கட்டியிருந்தார். கையில் இரண்டு குச்சிகள். பின்னால் லோய்ட்.

"மிஸ்டர் சிவா, இப்ப எத்தினையாவது?"

"பதினேழு."

"நாங்கள்?"

"இருபத்துமூண்டு."

லோய்ட் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "தம்பி, நாப்பது பாகை குளிரிலை தண்டவாளம் உறைஞ்சு நிண்ட ரயிலும் இவ்வளவு பிந்தினதில்லை."

குளோரியா ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "மார்ச் மாதத்திலை இருந்து அந்த அறையிலை நிண்டு அடிச்சனான்" என்றார், குச்சிகளைப் பார்த்தபடி. "ஐஞ்சு மணிக்கு அந்த ஆள் நிப்பாட்டிப் போடுவார். இனி அடுத்த வருசம் அனுமதி தருவாங்களோ தெரியாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பிடித்து, "நேரமின்மை காரணமாகப் பதினேழு முதல் இருபத்தொன்று வரையான நிகழ்ச்சிகள் கைவிடப்படுகின்றன" என்று அறிவித்தேன். நான்கு வருடச் செயலாளர் வாழ்க்கையில் நான் செய்யாத தியாகம். சனம் ஆரவாரித்தது. 4.52. எட்டு நிமிடம் இருந்தது.

அந்த எட்டு நிமிடத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு இறங்கினேனா? இல்லை. எதை வெட்டினாலும் நன்றியுரையை வெட்டக்கூடாது என்பது என் இரத்தத்தில் ஊறியிருந்தது. பெயர் விடுபட்டுப்போன ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க நம்மோடு பேசமாட்டார். இதை வைத்து ஊரில் இரண்டு குடும்பங்கள் சம்பந்தத்தையே முறித்திருக்கின்றன. பையிலிருந்து தாளை எடுத்தேன். நாற்பத்தொரு பெயர். வேகமாக வாசித்தால் நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஒவ்வொருவரும் ஏன் நன்றிக்குரியவர் என்று சொல்லாவிட்டால் அது நன்றியா?

"டேய், இறங்கடா!" ஞானம் என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான். "குத்துவிளக்குக்கும் நன்றி சொல்லப்போறியோ?"

குத்துவிளக்கு தந்த குடும்பம் பதினேழாவது. சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாவது பெயரில் நின்றபோது பிரதம விருந்தினர் எழுந்தார். கழுத்தில் மாலை, தோளில் சால்வை. தன் கடிகாரத்தைப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் போனார். குனிந்தார். என் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது. வயரைப் பிடுங்கிவிட்டார். ஐந்து மணி.

குளோரியா தன் ஸ்டீல்பானுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். குச்சிகளை மெதுவாகக் கைப்பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

அந்த மனிதர் கோப்பிலிருந்து அனுமதிப் பத்திரத்தை எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்து, ஸ்டீல்பான்களிடம் போனார். குனிந்து ஒவ்வொன்றின் அடியையும் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் ஏதோ கேட்டார். "இதுகளுக்கு வயர் இருக்கா எண்டு கேக்கிறார்" என்றான் ஞானம்.

"பீப்பாய்க்கு என்ன வயர்?" என்றார் லோய்ட்.

அதிகாரி நீண்ட ஒரு வாக்கியம் சொன்னார். ஞானத்தின் முகம் மலர்ந்தது. "பத்திரத்தில ஒலிபெருக்கி எண்டுதான் எழுதியிருக்காம். பெருக்கியது அந்தப் பொடியன்ட வாயை மட்டும்தானாம். அதைத் தான் நிப்பாட்டியாச்சாம். தன்ட வேலை முடிஞ்சுதாம்."

சொல்லிவிட்டு அவர் முன்வரிசையில் ஒரு கதிரையை மடக்கினார். ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார். அடுத்த கதிரையை மடக்கினார். உடனே நூறு கைகள். என் நேர்வரிசைகள் மூன்று நிமிடத்தில் வேலியோரம் குவிந்தன. லோய்ட் தாளத்துக்கு நான்கு எண்ணினார்.

மார்ச் மாதத்திலிருந்து குழாய் வழியாகத் துண்டு துண்டாகக் கேட்ட மெட்டு அது. குழாய் அதில் பாதியைத் தின்றிருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. பதினெட்டுப் பீப்பாய்கள் சேர்ந்து முழங்கின. எல்லோரும் ஓய, குளோரியா தனியாக அடித்தார். கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, ஒரு தடவைகூடத் தடுக்காமல். மாமியார் ஆடினார். பாதிரியார் ஆடினார். படம் வரைந்த பெண், ஆஸ்பத்திரி மேலதிகாரியை இழுத்துக்கொண்டு ஆடினார். பிரதம விருந்தினர் ஞானத்தின் கலியாணச் சால்வையைத் தலைக்கு மேல் சுழற்றினார். அந்தச் சால்வை பிறகு திரும்பி வரவில்லை. (ஞானம் இரண்டு வருடம் கழித்து இரவல் சால்வையில்தான் மாப்பிள்ளையானான். கலியாணப் படத்தில் அவன் கமராவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் முறைத்துக்கொண்டிருக்கிறான்.)

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மேடையில் நின்று இருபதாவது பெயரை வாசித்தேன். பிறகு இருபத்தொன்று. ஒலிவாங்கி செத்திருந்தது. ஒருவருக்கும் கேட்கவில்லை. ஆனாலும் இருபத்திரண்டு மனிதரை நன்றியில்லாமல் விட்டுவிட்டு எப்படி இறங்குவது? நாற்பத்தொன்றாவதாகக் குளோரியாவின் பெயரைச் சொல்லித் தாளை மடித்தேன். 5.19.

மேடையின் கீழே குளோரியா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையை உயர்த்தினார்.

"இனி ஒரு சொல்லும் வேண்டாம் மிஸ்டர் சிவா. அடுத்த வருசமும் அனுமதி தாறன் எண்டு அந்த ஆள் சொல்லியிருக்கிறார். நீரும் வாரும். ஆனா வயரைக் கழட்டின பிறகுதான் உம்மடை பேச்சு."

பகிடி என்று நினைத்தேன். அடுத்த வருடம் அச்சடித்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் ஏழே வரி. ஏழாவது: ஸ்டீல்பான் இசையும், அதே நேரத்தில் மிஸ்டர் சிவாவின் நன்றியுரையும்.

அன்று தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை. விழா பெரிதாகிவிட்டது, லோய்ட் போய்விட்டார், என் பட்டியல் நூறைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஜூலையிலும் ஸ்டீல்பான் முழங்கும்போது மேடை ஓரத்தில் நின்று வாயசைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ நவீன நாடகம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். வீட்டில் நான் அறிவுரை சொல்லத் தொடங்கினால் மூத்த மகள் எழுந்துபோய்ச் சுவரில் இல்லாத ஒரு வயரைப் பிடுங்குவாள். பிறகு மனைவியும் பிள்ளைகளும் நான் கதைப்பது கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டுவார்கள். அவளுடைய கலியாணத்தில், மணமகளின் தந்தை பேசுவார் என்று அறிவித்ததும் மண்டபத்தின் மின்சாரமே போய்விட்டது. மெயின் சுவிச்சடியில் நின்றவன் ஞானம்.

கடந்த ஜூலையிலும் வாசித்தேன். கடைசிப் பெயர் எப்போதும் குளோரியாவுடையதுதான். இப்போது கதிரையில் இருந்துதான் அடிக்கிறார். நான் அந்தப் பெயரில் வாயசைக்கும் நேரத்தில் வலக்கைக் குச்சியை ஒரு கணம் மேலே தூக்குவார். அவருக்கு விளங்குகிறது என்று வீட்டில் சொன்னேன்.

"விசரா, மெட்டில அந்த இடத்தில எல்லாரும்தான் தூக்குறாங்க" என்றான் சாப்பிட வந்திருந்த ஞானம்.

டைரியில் நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.